ஜாயின்ட் தெரியாத கூண்டு

இந்தக் கதையை இதுவரை முப்பது நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். கல்யாண வீடுகளில், ரயிலில், ஒரு தடவை பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில்கூட. எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கும்படியாகத்தான் அதைச் சீவிச் செதுக்கி வைத்திருந்தேன். அதில் நான் ஒரு விவேகி. 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையில் அடித்துக்கொள்கிறவன். என் பேச்சை யாரும் கேட்காததால் காரியம் கெட்டுப்போகும். கேட்கிறவர்கள் என் முதலாளியை நினைத்துச் சிரிப்பார்கள். இப்போது நடந்தது நடந்தபடி எழுதப் பார்க்கிறேன். இதில் சிரிப்பு கொஞ்சம் குறைவாக இருக்கும்.

அறுபதுகளின் தொடக்கம். பாலக்கரையில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் எழுத்தராக இருந்தேன். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்தவனுக்கு லாரிப் பட்டறையில் என்ன வேலை என்று கேட்கலாம். லாரி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று சர்க்காரை நம்பவைக்க ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் வேலை. கற்பனை வளம் உள்ளவர்களுக்கு ஏற்ற உத்தியோகம்.

ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் சைக்கிளில் பாலம் தாண்டி வருவேன். எங்கள் வம்சத்தில், நெற்றியில் போடும் நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்று கோர்ட்டு வரை போனவர்கள் இருந்தார்கள். பாலக்கரையில் எனக்கு இரண்டே பெயர்கள்தான். முதலாளிக்கு நான் 'ஐயரே'. மற்றவர்களுக்கு 'சாமி'. ஐயர் இல்லை, ஐயங்கார் என்று முதல் மாதம் திருத்திப் பார்த்தேன். "ரெண்டும் தயிர்சாதம்தானே" என்றார் முதலாளி. அதற்குப் பிறகு திருத்தவில்லை. அவரை எதிலுமே திருத்துவதில்லை என்ற பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

முதலாளிக்கு வயது முப்பத்திரண்டு. பட்டறை அப்பாவிடமிருந்து வந்தது. மோட்டார்ப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. மெட்ராஸுக்கு வடக்கே, யுத்த காலத்தில் ஆகாய விமானத்துக்கென்று போட்டு, பிறகு புல் முளைத்துக் கிடந்த ஓடுதளம் ஒன்றில் வருஷா வருஷம் மோட்டார்ப் பந்தயம் நடக்கும். ஒரு வருஷம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அந்தப் பந்தயத்தில் ஒரு பிரிவு லாரிகளுக்கு. திருப்பம் கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. நேராகக் கால் மைல். இரண்டு லாரிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கொடி விழுந்ததும் எது முன்னால் போய்ச் சேருகிறதோ அதற்குக் கோப்பை. இதைக் கேட்ட என் தகப்பனார், "கால் மைல் போறதுக்கு லாரி எதுக்குடா? நடந்தே போயிடலாமே" என்றார். நியாயமான கேள்வி. பட்டறையில் கேட்கக்கூடிய கேள்வி அல்ல.

முதலாளியிடம் யுத்தத்தில் மிஞ்சிய பழைய ராணுவ லாரி ஒன்று இருந்தது. அதன் பின்பெட்டியைக் கழற்றி எறிந்து, இஞ்சினைப் பிரித்துக் கூட்டி, என்னென்னவோ செய்தார். ஆனால் பந்தயம் நடத்தும் சங்கத்தார் அந்த வருஷம் ஒரு புது விதி போட்டிருந்தார்கள். லாரி உருண்டால் ஓட்டுகிறவன் நசுங்காமலிருக்க, அவன் உட்காரும் இடத்தைச் சுற்றி இரும்புக் குழாயில் கூண்டு கட்டியிருக்க வேண்டும். அந்தக் கூண்டை அவர்களுடைய என்ஜினீயர் பார்த்துத் தகுதிச் சான்று கொடுக்க வேண்டும். சான்று இல்லையேல் லாரி வாசலோடு சரி.

அந்தக் கூண்டைக் கட்டியவர் எங்கள் வெல்டர். இது அவருடைய கதை. நான் சொல்லிவந்த கதையில் அவருக்கு இரண்டு வரிதான் இருந்தது.

அவரை நான் மேஸ்திரி என்பேன். வயது நாற்பத்து நாலு. பாலக்கரை மாதா கோயில் தெருவுக்குப் பின்னால் வீடு. ஒல்லியான ஆள். கழுத்துக்குக் கீழே நெருப்புப் பொறி பட்ட புள்ளிகள் அம்மைத் தழும்பு போல இருக்கும். பத்து வருஷமாக எங்கள் பட்டறையில் மட்கார்டும் படியும் ஒட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் ஒரு பாய்லர் கான்ட்ராக்டரிடம் குழாய் வேலை பார்த்தவர். அந்த கான்ட்ராக்டர் செத்துப்போனதும் அவர் வேலை பார்த்ததற்கான சாட்சியும் செத்துவிட்டது.

ஊருக்குக் கிழக்கே அப்போது ஒரு பெரிய தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. வெல்டர் எடுக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மேஸ்திரி போனார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேப்பர் கேட்டார். தொழிற்பள்ளியில் படித்த பேப்பர், இல்லாவிட்டால் குழாய் பற்றவைக்கத் தெரியும் என்று பதவியில் இருந்த என்ஜினீயர் ஒருவர் எழுதிக் கொடுத்த பேப்பர். அது இருந்தால்தான் ஒட்டிக் காட்டும் பரீட்சைக்கு வெல்டிங் கம்பியையே கையில் கொடுப்பார்களாம். வயது நாற்பத்தைந்து ஆகிவிட்டால் அதுவும் இல்லை. மேஸ்திரிக்கு நாற்பத்தைந்து ஆக இரண்டு மாதம் இருந்தது.

கூண்டைப் பார்க்க வரும் என்ஜினீயர் ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று தெரிந்ததும் மேஸ்திரி என் மேஜைக்கு வந்தார்.

"சாமி, ஒரு லெட்டர் எழுதணும். கூண்டு அவருக்குத் திருப்தியா இருந்தா, இன்னார்தான் ஒட்டினான், நல்லா ஒட்டியிருக்கான்னு ரெண்டு வரி எழுதித் தருவாரான்னு கேக்கணும். மட்கார்டு ஒட்டுனவன்னு சொல்லிக்கிட்டே சாகக்கூடாதுல்ல."

எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில். தேவைக்கு அதிகமாகவே நல்ல ஆங்கிலத்தில். அவரும் பதில் போட்டார். ஈஸ்டருக்கு மகள் வீட்டுக்குத் திருச்சி வருவதாகவும், ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கூண்டைப் பார்ப்பதாகவும், வேலை நன்றாக இருந்தால் வெல்டர் கேட்ட கடிதத்தைச் சந்தோஷமாகத் தருவதாகவும். மேஸ்திரி அந்தப் பதிலை வாங்கி, ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கீழே இருந்த கையெழுத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கத்தார் அனுப்பிய விதிகள் டைப் அடித்த நாலு பக்கம். அதைத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு. நான் படிக்கப் படிக்க மேஸ்திரி சாக்பீஸால் தரையில் படம் போட்டுக்கொண்டே வந்தார். குழாய் என்ன கனம், ஓட்டுகிறவன் தலைக்கு மேலே எத்தனை அங்குலம், எங்கே குறுக்குத் தாங்கல். மூன்றாம் பக்கத்தின் கடைசியில் ஒரு பத்தி: பற்றவைத்த தடம் பற்றவைத்தபடியே இருக்க வேண்டும். அரம் போட்டு ராவக்கூடாது, எதையும் பூசி மறைக்கக்கூடாது, பரிசோதனைக்கு முன் பெயின்ட் அடிக்கக்கூடாது. அதைப் படித்ததும் மேஸ்திரி தலையை ஆட்டினார். "அது எழுதியே இருக்கணும்னு இல்லை சாமி. ஒட்டத் தெரிஞ்சவனுக்குத் தெரியும்" என்றார்.

குழாய்க்கு அவர் பொன்மலைப் பக்கம் போய், ரயில் என்ஜின் பாய்லரிலிருந்து கழித்து ஏலத்தில் விட்ட குழாய்களில் பொறுக்கினார். ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டு ஒரு ஸ்பானரால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கோயில் மணி வாங்குகிறவனைப்போல. முப்பதில் ஒன்பது தேறியது. வளைப்பதற்குக் காவிரி மணலைக் கொண்டுவந்து சட்டியில் போட்டு வறுத்தார். ஈரம் இருந்தால் சூட்டில் குழாய் வெடித்துவிடுமாம். வறுத்த மணலைக் குழாய்க்குள் இடித்து நிரப்பி, இரண்டு வாயையும் மரக்கட்டையால் அடைத்து, கரி நெருப்பில் பழுக்கவைத்து வளைத்தார். உள்ளே மணல் இருப்பதால் வளைவில் குழாய் நசுங்கவில்லை. பிறகு மணலைக் கொட்டிவிட்டு ஒட்ட ஆரம்பித்தார். பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் லாரிக்காரர்கள் படி எப்போது, மட்கார்டு எப்போது என்று என்னைத்தான் பிடுங்கினார்கள்.

ஒட்டி முடித்த இடங்களை எனக்குக் காட்டினார். ஒரே அகலத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சின்னச் சின்ன வளையங்களாக இரும்பு உறைந்திருந்தது. "அயிரை மீனை அடுக்கி வச்சாப்ல இருக்கா?" என்றார். நான் அயிரை மீனை எங்கே கண்டேன்? இருக்கிறது என்றேன். சைவ உணவுக்காரன் ஒருவன் அளித்த அந்த நற்சான்றை அவர் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்.

பெரிய வியாழன் சாயங்காலம் அவர் கிளம்பினார். மறுநாள் பெரிய வெள்ளி. அன்று அவர் வீட்டில் ஆணி அடிக்கமாட்டார்கள், இரும்பைத் தட்டமாட்டார்கள். ஆண்டவரை ஆணியில் அடித்த நாளில் சுத்தியலைத் தொடக்கூடாது என்பது அவர் குடும்பத்துக் கட்டுப்பாடு. சனிக்கிழமையும் கோயில், ஞாயிறு திருநாள். திங்கட்கிழமை காலையில் வந்துவிடுவதாகச் சொன்னார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"சாமி, பெயின்டர் கையைக் காலை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டாரு. ஜாயின்டைத் தொட வேண்டாம்னு சொல்லிடுங்க. அந்தப் பேப்பர்ல இருக்கிறதை முதலாளிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொன்னா வெல்டர் சோம்பேறித்தனம்பாரு. நீங்க படிச்சவரு, சொன்னா எடுபடும்."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

லாரிப் பட்டறைகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் மானம், மரியாதை எல்லாம் ஜாயின்ட் தெரியாமல் இருப்பதில்தான். எங்கே தகடு முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியக்கூடாது. ஒட்டிய இடத்தை அரத்தால் ராவி மட்டமாக்கி, பட்டி என்கிற பூச்சுப் பசையை இழைத்து, எமரித் தாளால் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்தால் லாரி ஒரே கல்லில் செதுக்கியதுபோல நிற்கும். மலைக்கோட்டைப் பிள்ளையாரைப்போல என்று முதலாளியின் அப்பா சொல்வாராம். ஜாயின்ட் தெரிகிற வண்டியை எங்கள் பட்டறை வெளியே விட்டதில்லை. பாலக்கரையில் எவனுமே விட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி கூண்டைப் பார்க்க வந்தார். பக்கத்தில் பெயின்டர், அந்தப் பக்கம் நான். முதலாளி கூண்டைச் சுற்றி வந்தார். மணப்பாறை சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவரைப்போல ஒவ்வொரு ஜாயின்டிலும் விரலை வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னய்யா இது, ஆப்பரேஷன் பண்ணித் தையல் போட்ட வயிறாட்டம் இருக்கு? மெட்ராஸ்லேர்ந்து பெரிய என்ஜினீயர் வர்றாரு. நம்ம பட்டறை வேலைன்னு இதையா காட்டுறது?"

பெயின்டர் என்னைப் பார்த்தார். அந்த மனிதர் நல்லவர். தொழுகைக்கு நேரமானால்கூடத் தகட்டின் ஓரத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். "வெல்டர் வந்தபிறகு ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்களா?" என்றார்.

"அவரு கோயில்ல இருக்காரு. திங்கக்கிழமை பத்து மணிக்கு ஆளு வர்றாரு. நீ எப்ப ராவுவ, எப்ப பட்டி காயும்? என்ன ஐயரே, நான் சொல்றது சரிதானே?"

இங்கேதான், நான் சொல்லிவந்த கதையில், நான் மூன்றாம் பக்கத்தை எடுத்து நீட்டுவேன். கடைசிப் பத்தியை உரக்கப் படிப்பேன். முதலாளி அதைப் பிடுங்கிச் சுருட்டிக் காது குடைவார். காது குடைகிற இடத்தில் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

காகிதம் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி. நான் எடுக்கவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு லாரிக்காரர் எதிரில், லாரியின் நீளம் பற்றி முதலாளி சொன்ன கணக்கைச் சரிசெய்யப் போய், "ஐயரே, நீ எழுதுறதோட நிறுத்திக்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சூடு ஆறவில்லை. என்னிடம் கேட்கிறாயா, கேள், நீ விரும்புகிற பதிலையே தருகிறேன் என்று ஒரு கறுவல். இன்னொன்றும் உண்டு. அது இதைவிடக் கேவலம். அந்தப் பத்தி ஒட்டத் தெரியாதவர்களுக்காக எழுதியது, இவ்வளவு நல்ல வேலையை அழகுபடுத்தினால் எவன் வேண்டாமென்பான் என்று எனக்கே தோன்றியது. படித்தவனுக்கு எந்த விதிக்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது.

"சரிதாங்க" என்றேன். அதோடு விட்டேனா? "முதல் பார்வையில மனசுல என்ன பதியுதோ அதுதானுங்க முக்கியம்" என்றும் சேர்த்தேன்.

பெயின்டர் மறுபடி என்னைப் பார்த்தார். "வெல்டர் வந்து கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

இரண்டு நாள் அரம் ராவியது. அந்தச் சத்தம் என் மேஜை வரை வந்தது. நான் கணக்காகக் கதவைச் சாத்திவிட்டு ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு பட்டி காய்ந்து, எமரி போட்டு, சாயங்காலம் சிவப்பு பெயின்ட் ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஏதோ ஒரு சிவப்புக் கொடி தானாக வளர்ந்து லாரியைச் சுற்றிக்கொண்டதுபோல் இருந்தது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மேஸ்திரி வந்தார். ஈஸ்டருக்கு எடுத்த புது வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் பட்டறைக்காரர்களுக்கென்று ஒரு தூக்கு நிறையப் பலகாரம். கூண்டைப் பார்த்தார். தூக்கைக் கீழே வைத்தார். கிட்டே போய் முதல் ஜாயின்டைத் தடவினார், அடுத்ததைத் தடவினார், குருடன் முகத்தைத் தடவுவதுபோல. ஆறு இடங்களையும் தடவிவிட்டு என் மேஜைக்கு வந்தார். கோபம் இருந்ததா என்றால், கோபத்துக்கு முன்னால் வருகிற ஏதோ ஒன்று இருந்தது.

"சொல்லலீங்களா சாமி?"

"சொன்னேன் மேஸ்திரி. கேக்கலை."

அந்த வார்த்தைகளைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. எழுத்தில் அவ்வளவு வேகமாக எதுவும் எனக்கு வந்ததில்லை. அவர் உடனே நம்பினார். "நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். பிறகு, "அவரு வந்ததும் அதை ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ராவுனது நான் இல்லைன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது என்ஜினீயர் வந்தார். எழுபதை நெருங்கும் வயது. வெள்ளை நிறத்தில் பேன்ட்டும் தொப்பியும், கையில் ஒரு சின்னத் தோல்பை. வேலையில் குறையே வைக்காத மனிதர். ஓட்டும் இடத்தில் முதலாளியை உட்காரவைத்துத் தலைக்கு மேல் அளந்தார். சரி. குழாயின் அடிப்பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்குத் துளை போடச்சொல்லி உள்ளே கம்பியை விட்டுக் கனம் பார்த்தார். சரி. வளைவுகளைப் பார்த்து, "மணல் போட்டு வளைச்சீங்களா? ரொம்ப சுத்தம்" என்றார். மேஸ்திரி தலைகுனிந்து நின்றார். முதலாளி மீசையைத் தடவினார்.

அப்புறம் என்ஜினீயர் ஜாயின்டுக்கு வந்தார். கட்டைவிரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துச் சுரண்டினார். சிவப்பு உதிர்ந்தது, பிறகு சாம்பல் நிறப் பட்டி, பிறகு அரம் ஓடிய பளபளப்பு. அடுத்த ஜாயின்டிலும் சுரண்டினார். மூன்றாவதோடு கத்தியை மடக்கினார்.

"வெல்டிங்கை ராவி எடுத்துட்டா நான் எதைப் பாக்குறது? உள்ள பாதி பிடிச்சிருக்கா, முழுசாப் பிடிச்சிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? பட்டி பூசறவன் எதையோ மறைக்கிறான்னுதான் நான் எடுத்துக்கணும்." பிறகு கேட்டார். "இது யார் வேலை?"

முதலாளி முந்திக்கொண்டார். "வெல்டர்தாங்க. வெல்டிங் விஷயத்துல நான் தலையிடுறதே இல்லைங்க."

"வெல்டிங் என்னுதுங்க" என்றார் மேஸ்திரி. "ராவுனது நான் இல்லைங்க."

"அப்போ யாரு?"

மேஸ்திரி முதலாளியைப் பார்க்கவில்லை. முதலாளியைக் காட்டிக்கொடுத்தால் அன்றைக்கே வேலை போகும். அவர் என்னைப் பார்த்தார். சொன்னவன் நான்தானே, இப்போதும் சொல்வேன் என்று பார்த்தார். பெயின்டரும் என்னைப் பார்த்தார். அவர் பார்வை வேறு மாதிரி. அவருக்கு நடந்தது தெரியும். நான் டைப்ரைட்டரின் ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

"யாருமே ராவலைன்னா கூண்டு தானாவே ராவிக்கிச்சா?" என்றார் என்ஜினீயர். ஒருவரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி, ஒரு ஜாயின்டை அறுத்துப் பார்க்கும்படி கேட்டார். இரண்டாம் தடவையும் கேட்டார். அறுத்த ஜாயின்ட் நன்றாக இருந்தால் மற்ற ஐந்தும் நன்றாக இருக்கும் என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார் என்ஜினீயர். அதுவும் நியாயம்தான். அன்று அந்த இடத்தில் நியாயமாகப் பேசியவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காமல் போயிற்று.

அறிக்கையை அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். பற்றவைப்புகள் ராவப்பட்டுப் பூசி மறைக்கப்பட்டிருக்கின்றன, ஏற்பதற்கில்லை. அடுத்த வரிக்கு, பற்றவைத்தவர் பெயர் என்ன என்று கேட்டார். முதலாளி சொன்னார். அடித்தேன். மேஸ்திரியின் பெயரில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. கார்பன் வைத்து மூன்று பிரதி. அந்த மூன்று பிரதிகளில் ஒன்றை மேஸ்திரியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு அவர் போனார். மேஸ்திரியின் வாழ்க்கையில் ஒரு என்ஜினீயர் கையெழுத்தோடு அவர் பெயர் வந்த காகிதம் அது ஒன்றுதான்.

முதலாளி அன்று மத்தியானமே கூண்டை எடுத்துவிடச் சொன்னார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த வருஷம் அவருக்கு சினிமாக் கொட்டகைப் பைத்தியம் வந்துவிட்டது.

கூண்டை மேஸ்திரியேதான் அறுத்தார். கேஸை மூட்டி நிமிஷத்தில் வெட்டி எறிந்திருக்கலாம். செய்யவில்லை. இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்து ஒவ்வொரு ஜாயின்டின் நடுவிலும் வைத்துக் கையால் அறுத்தார். புது வேட்டி கறுத்துப்போயிற்று. என்னைக் கூப்பிட்டு ஒவ்வொரு துண்டாகக் காட்டினார். அறுத்த முகம் வெள்ளி மாதிரி இருந்தது. ஒரு துளை இல்லை, ஒரு கறுப்புக் கோடு இல்லை. குழாய் எது, அவர் ஊற்றிய இரும்பு எது என்று பிரிக்க முடியவில்லை. உள்ளேயும் ஜாயின்ட் தெரியவில்லை. ஆறும் அப்படியே. பார்த்தது நானும் பெயின்டரும். எங்கள் இரண்டு பேர் கையெழுத்துக்கும் தபால்காரர்கூட மதிப்புக் கொடுத்ததில்லை.

ஒரு வாரம் கழித்து, "தொழிற்சாலை வரைக்கும் கூட வரமுடியுமா சாமி? இங்கிலீஷ்ல ஏதாவது கேட்டா நீங்க இருந்தா நல்லது" என்றார். உடம்பு சரியில்லை என்று பட்டறைக்குச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். அவர் மடியில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு துண்டு. மூன்று குழாய்கள் சேருகிற ஜாயின்டின் பாதி.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா என் வயதுக்காரர். விரட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் விரட்டவில்லை. இரும்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு புத்தகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மேஸ்திரி நீட்டிய என்ஜினீயரின் அறிக்கையைப் படித்தார்.

"இதுல ராவி, பூசி மறைச்சதா எழுதியிருக்கே?"

"அது நான் செய்யலைங்க. திருநாளுக்கு லீவுல இருந்தப்போ பட்டறையில பண்ணிட்டாங்க. இந்த சாமி சாட்சிங்க. ராவாதீங்கன்னு சொன்னவரே இவருதான்."

குமாஸ்தா என் பக்கம் திரும்பினார். வயது வரம்புக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார். விண்ணப்பத்தோடு இந்த அறிக்கையையும் வைத்தே அனுப்புவதாகவும், ராவியது வெல்டர் இல்லை, அவர் இல்லாதபோது முதலாளி சொல்லி வேறு ஆள் செய்தது என்று பட்டறையில் இருந்து யாராவது ஒருவர் எழுதிக் கொடுத்தால் மேலே இருப்பவர்கள் பரீட்சைக்குக் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னார். பிறகு ஜன்னல் வழியாக ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"நீங்கதான் பார்த்திருக்கீங்களே, சார். நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. போதும்."

என் சட்டைப்பையில் பேனா இருந்தது. மை நிறைய இருந்தது. நாலு வரி. நான் எழுதினால் அது முதலாளி கைக்கு எப்படியும் போகும். முதலாளி பெயின்டரைக் கேட்பார். பெயின்டர் பொய் சொல்லாதவர். 'சரிதாங்க' என்று நான் சொன்னது மேஸ்திரிக்குத் தெரியவரும். தாளைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த அரை நிமிஷத்தில் வேலை போகுமே என்றுகூட நான் பயப்படவில்லை. மேஸ்திரிக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் பயந்தேன். அவர் கண்ணில் நல்லவனாக இருப்பதற்காக அவரைக் கைவிட்டேன். இப்படி ஒரு காரணத்தை எந்தப் புத்தகத்திலாவது படித்திருந்தால் ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பேன்.

"முதலாளியை ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதறேனே" என்றேன்.

குமாஸ்தா தாளை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார். மேஸ்திரி இரும்பை வாங்கிச் செய்தித்தாளில் சுற்றினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னலோரத்தை எனக்கு விட்டார். பாலக்கரை நெருங்கும்போது என் பக்கம் திரும்பினார்.

"மனசுல வச்சுக்காதீங்க சாமி. எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு நீங்க எங்க போவீங்க? உங்க வீட்டுலயும் உலை கொதிக்கணும்ல."

ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டு உலை அப்பாவின் பென்ஷனில் கொதித்துக்கொண்டிருந்தது. என் சம்பளத்தில் நான் புத்தகம் வாங்கிக்கொண்டிருந்தேன்.